குறி எங்கே, அடைப்பு எங்கே, புள்ளி எங்கே: கட்டுரையில் மேற்கோள் காட்டும் முறை

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

கவிமணி மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டுமம்மா என்று பெண்களின் பெருமையைப் பாடியுள்ளார் என்று அறிஞர்கள் கூறுகின்றனர்.

கல்லூரிக் கட்டுரைகளில் இதே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். இதில் மூன்று தரப்பு பேசுகிறது: கவிமணி, யாரோ சில அறிஞர்கள், கட்டுரை எழுதியவர். யாருடைய பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளமே இல்லை. முடிவு மட்டும் தெரிகிறது. 'என்று' வந்துவிட்டாலே அதற்கு முன்னால் இருப்பது ஒருவர் கூற்று என்பது தமிழில் தானாகப் புரிந்துவிடும். உரையாசிரியர்கள் ஓலையில் எழுதிய காலத்தில் மேற்கோள் குறி கிடையாது. 'என்றார்', 'என்பது', 'என்க' ஆகியவைதான் அந்த வேலையைப் பார்த்தன. படிப்பவருக்கு மூலநூல் மனப்பாடமாக இருந்ததால் தொடக்கத்தை அவரே கண்டுகொண்டார். இன்றைய வாசகரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே தமிழ்க் கட்டுரையில் மேற்கோள் குறியின் முதல் வேலை, கூற்றின் தொடக்கத்தைக் காட்டுவது. மூடும் குறி விடுபட்டால்கூட 'என்று' ஓரளவு காப்பாற்றிவிடும். திறக்கும் குறி விடுபட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. மேலே உள்ள வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்:

கவிமணி, “மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல / மாதவம் செய்திட வேண்டுமம்மா” என்று பாடினார்.

'அறிஞர்கள் கூறுகின்றனர்' போய்விட்டது. எந்த அறிஞர், எந்த நூல், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாவிட்டால் அந்தத் தொடருக்குக் கட்டுரையில் இடமில்லை. பாடலையே எடுத்துக் காட்டியாயிற்று. அதற்கு மேல் பெயரில்லாத அறிஞர்களின் துணை எதற்கு? இன்னொன்று, இந்த அடி பாரதியார் பாடியதாகப் பலர் எழுதுகிறார்கள். குமரி மாவட்டத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் (1876–1954) அடி இது. குமரி மாவட்டத்துப் பிள்ளைகளாவது இதைச் சரியாக எழுத வேண்டும். ஆசிரியர் பெயரை நினைவிலிருந்து எழுதக் கூடாது. நூலைத் திறந்து பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இனி, வரிசை. தமிழில் பெரும்பாலான மேற்கோள்களுக்கு ஒரே வரிசைதான்: திறக்கும் குறி, மேற்கோள், மூடும் குறி, அடைப்புக்குள் சான்று, 'என்று' அல்லது 'என', வினை, முற்றுப்புள்ளி.

“கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக” (குறள் 391) என்கிறார் வள்ளுவர்.

அடைப்பு மேற்கோளை ஒட்டியே நிற்கிறது. 'என்கிறார் வள்ளுவர் (குறள் 391)' என்று கடைசிக்குத் தள்ளினாலும் பெரிய பிழையில்லை, வாக்கியம் சிறிதாக இருக்கும்வரை. அதே வாக்கியத்தில் இரண்டாவது மேற்கோள் ஒன்று வந்துவிட்டால் எந்த எண் எதற்கு என்பது குழம்பிவிடும். அதனால் சான்றை எப்போதும் மூடும் குறிக்கு அடுத்து வைப்பதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

முற்றுப்புள்ளி எங்கே? அச்சு நூலில் குறளின் முடிவில் புள்ளி இருக்கும். அதை அப்படியே குறிக்குள் கொண்டுவந்து, பிறகு 'என்கிறார்' என்று தொடர்ந்தால், முடிந்த வாக்கியம் மறுபடி நடக்கிறது. நம் வாக்கியம் வினையில்தான் முடிகிறது, புள்ளியும் அங்கேதான். மூலத்தில் உள்ள முற்றுப்புள்ளியை விட்டுவிடலாம். அதனால் பொருள் கெடாது. ஆனால் கேள்விக்குறியும் உணர்ச்சிக்குறியும் மூலத்தின் பொருளோடு சேர்ந்தவை. அவை குறிக்குள் இருக்க வேண்டும்: “நீ யார்?” என்று கேட்டான். கேள்வி மூலத்தில் இல்லாமல் நம்முடையதாக இருந்தால் குறிக்கு வெளியே, வாக்கியத்தின் கடைசியில் வரும்: வள்ளுவர் “கற்க” என்று மட்டுமா சொன்னார்?

ஆங்கில வகுப்பில் படித்த பழக்கம் இங்கே குறுக்கே வரும். அமெரிக்க முறையில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மூடும் குறிக்கு உள்ளே போகும். அதைப் பார்த்துவிட்டு “கற்க கசடற,” என்றார் வள்ளுவர் என்று காற்புள்ளியை உள்ளே வைக்கிறார்கள். அந்தக் காற்புள்ளி செய்யும் வேலையைத் தமிழில் 'என்று' செய்துவிடுகிறது. உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம். ஆங்கிலக் கட்டுரையிலேயே அடைப்புச் சான்று வந்துவிட்டால் முற்றுப்புள்ளி உள்ளே இருக்கக் கூடாது. எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. (ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் சான்று காட்டும் இரண்டு முறைகள்) இரண்டிலும் மூடும் குறி, அடைப்பு, அதன் பிறகுதான் புள்ளி.

வினை முன்னால் வந்தால் முக்காற்புள்ளி இட்டுத் திறக்கலாம்.

வள்ளுவர் கூறுவது இது: “எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் / மெய்ப்பொருள் காண்ப தறிவு” (குறள் 423).

இங்கே 'என்று' தேவையில்லை. முக்காற்புள்ளியும் போட்டு, கடைசியில் 'என்று கூறுகிறார்' என்றும் எழுதுவது இரட்டை வேலை. இரண்டில் ஒன்று போதும்.

நேர்கூற்றா அயற்கூற்றா என்பதையும் இதே இடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். 'செயலாளர் நான் தவறு செய்யவில்லை என்றார்' என்ற வாக்கியத்தில் 'நான்' யார்? செயலாளரா, எழுதுகிறவரா? அவர் சொன்ன சொற்கள் அப்படியே கையில் இருந்தால் குறி இடுங்கள்: செயலாளர், “நான் தவறு செய்யவில்லை” என்றார். சொற்கள் நினைவில் இல்லை, கருத்து மட்டும் தெரியும் என்றால் குறியே வேண்டாம்: செயலாளர் தாம் தவறு செய்யவில்லை என்று கூறினார். கருத்தை மட்டும் எடுத்துத் தம் நடையில் எழுதிவிட்டு அதற்குக் குறி இடுவது, அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைப்பதாகும். குறி இல்லாவிட்டாலும் சான்று மட்டும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது செய்யுள். தமிழ்க் கட்டுரையில் மிகுதியாகப் பிழை நேரும் இடம் இதுதான்.

குறளுக்கு ஏழு சீர். முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. வாக்கியத்துக்குள் ஓட்டி எழுதும்போது நான்காம் சீருக்குப் பின் சாய்கோடு வர வேண்டும்; அதன் இரு பக்கமும் ஓர் இடைவெளி. சுவரொட்டியிலும் நாட்காட்டியிலும் இடத்துக்கு ஏற்ப மடித்து எழுதியிருப்பதைப் பார்த்துக் கோட்டை இடம் மாற்றிவிடக் கூடாது. சீர் பிரித்து எழுதுவதா, சொல் பிரித்து எழுதுவதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 'காண்ப தறிவு' சீர் பிரித்தது. 'காண்பது அறிவு' சொல் பிரித்தது. இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டும் வருவதுதான் தவறு. எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறோம் என்பதை முதல் மேற்கோளிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் கடைசிவரை தொல்லையில்லை.

மூலத்தை நம் இலக்கண அறிவால் திருத்தவும் கூடாது. 'கற்கக் கசடற' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். வல்லினம் வருகிறதே, ஒற்று மிக வேண்டுமே என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். 'கற்க' வியங்கோள் வினைமுற்று. அதன்பின் வல்லினம் மிகாது. நல்லெண்ணத்தில் சேர்த்த ஓர் ஒற்று, மேற்கோளையும் கெடுத்து இலக்கணத்தையும் கெடுத்துவிடுகிறது.

எண் ஏன் கட்டாயம் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்ற அடியை மட்டும் எடுத்துக்காட்டி 'என்பது குறள்' என்று முடித்துவிட்டால், எந்தக் குறள்? 355ஆம் குறளும் 423ஆம் குறளும் இதே அடியில்தான் முடிகின்றன. முன்னது 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்று தொடங்கித் துறவறத்தில், மெய்யுணர்தல் அதிகாரத்தில் வருகிறது. பின்னது அறிவுடைமையில். நீங்கள் எழுதுவது பொருளின் இயல்பைப் பற்றியா, சொன்னவர் யார் என்பதைப் பற்றியா? எண் இருந்தால்தான் தெரியும்.

இரண்டாவது, 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே'. இது புறநானூற்றிலும் இருக்கிறது, மணிமேகலையிலும் இருக்கிறது. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை அமைக்கச் சொல்லும் பாட்டில் வருகிறது (புறம். 18: 18–19). மணிமேகலையில் பாத்திரம் பெற்ற காதையில், பசி தீர்க்கும் அறத்தைச் சொல்லும் இடத்தில் வருகிறது (மணி. 11: 95–96). பாசனத்தைப் பற்றிய கட்டுரைக்கு முன்னதுதான் பொருந்தும். இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டுமென்றால் ஒரே அடைப்புக்குள் அரைப்புள்ளியால் பிரியுங்கள்: (புறம். 18: 18–19; மணி. 11: 95–96).

பழைய நூல்களுக்குப் பக்க எண் கொடுக்காதீர்கள், பாட்டெண்ணும் அடியெண்ணும் கொடுங்கள். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; பாட்டெண் பெரும்பாலும் மாறாது. தொல்காப்பியத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நூற்பாக்களைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் உரையாசிரியர்கள் வேறுபடுவதால் எண்ணும் வேறுபடும். இளம்பூரணர் உரையை வைத்து எண் எழுதியிருந்தால் 'இளம்.' என்றும், நச்சினார்க்கினியர் என்றால் 'நச்.' என்றும் எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும். குறளிலும் மணக்குடவர் வரிசை வேறு, பரிமேலழகர் வரிசை வேறு. இன்று எல்லோரும் எழுதும் எண் பரிமேலழகருடையது.

நீண்ட மேற்கோளைத் தனிப் பத்தியாக இறக்கி எழுத வேண்டும். ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பில் 40 சொல்லும் அதற்கு மேலும் என்றால் தனிப் பத்தி. எம்.எல்.ஏ. ஒன்பதாம் பதிப்பில் உரைநடை நான்கு வரிக்கு மேல், செய்யுள் மூன்று அடிக்கு மேல். இரண்டிலும் இடப்பக்கம் அரை அங்குலம் உள்ளே தள்ள வேண்டும். ஆனால் 40 சொல் என்ற கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்டது. 'எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்' என்பது தமிழில் ஒரே சொல். நாற்பது தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் நாற்பதைவிட நிறையவே இடம் பிடிக்கும். தமிழில் எழுதும்போது சொல்லை எண்ணாமல் வரியை எண்ணுங்கள். தட்டச்சில் நான்கு வரியைத் தாண்டினால் இறக்கிவிடுங்கள். செய்யுளைப் பொறுத்தவரை, இரண்டடிக் குறளைக்கூடத் தனியே இறக்கி எழுதுவது நம் வழக்கம். அதில் தவறில்லை, கட்டுரை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் சரி.

தனிப் பத்தியில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உள்ளே தள்ளியதே அது மேற்கோள் என்பதற்கு அடையாளம். மேற்கோள் குறி வேண்டாம். இரண்டு, புள்ளி இங்கே இடம் மாறும்: மேற்கோளின் கடைசிப் புள்ளி முதலில், அடைப்புச் சான்று அதற்குப் பின்னால், அடைப்புக்குப் பிறகு புள்ளி கிடையாது. மூன்றாவது தமிழுக்கே உரியது. கீழே 'என்று பாடுகிறார்' என்று தொடர்ந்தால் அந்த வரி புதிய பத்தி அல்ல, மேலே விட்ட வாக்கியத்தின் மிச்சம். ஆகவே அதை இடது ஓரத்தை ஒட்டியே தொடங்க வேண்டும், பத்தித் தொடக்கம் போல உள்ளே தள்ளக் கூடாது. வாக்கியம் தொடர்வதால் செய்யுளின் கடைசியில் புள்ளியும் வேண்டாம். வேர்டில் என்டர் தட்டியவுடன் அது தானாகவே உள்ளே தள்ளிவிடும். அந்த ஒரு வரிக்கு மட்டும் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

உருபும் சந்தியும் குறிக்கு வெளியே. 'மலரும் மாலையும்' நூலில் என்று எழுதுங்கள். நூல்பெயருக்குள் உருபைப் புகுத்தி 'மலரும் மாலையிலும்' என்று எழுதினால் பெயரே மாறிவிடும். 'மான்மிய'த்தில் என்று பெயரை அறுத்துக் குறிக்கு வெளியே ஒட்டவைக்கும் பழக்கமும் உண்டு. படிக்கச் சிரமம். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலில் என்று ஒரு சொல் கூட்டினால் பெயர் முழுசாக நிற்கும். ஒற்று மிகும் இடத்தில் அந்த ஒற்று மூடும் குறிக்குப் பின்னால்: 'கவிமணி'ப் பட்டம்.

நூல்பெயருக்குச் சாய்வெழுத்து என்பது ஆங்கில முறை. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான சாய்வெழுத்து இல்லை. கணினி நேரெழுத்தைப் பிடித்துச் சாய்க்கும். கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று மோதும். நூல்பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி, கூற்றுக்கு இரட்டை மேற்கோள் குறி என்று வைத்துக்கொண்டால் தமிழில் தெளிவாக இருக்கும். கூற்றுக்குள் கூற்று வந்தால் உள்ளே இருப்பது ஒற்றை. அழுத்தம் கொடுக்கக் குறி இடுவதை விட்டுவிடுங்கள். “அன்பு” என்றும் “சமத்துவம்” என்றும் பத்திக்குப் பத்தி குறி இருந்தால், எது மேற்கோள் எது அழுத்தம் என்று வாசகர் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும்.

மேற்கோளுக்குள் கை வைக்க இரண்டே கருவிகள்: விட்டதைக் காட்ட மூன்று புள்ளி, சேர்த்ததைக் காட்டச் சதுர அடைப்பு. மூன்று புள்ளி என்றால் மூன்றுதான். கதைகளில் பெருமூச்சுக்கும் தயக்கத்துக்கும் ஐந்தாறு புள்ளி வைப்பார்கள். ஆய்வுக் கட்டுரையில் அது 'இங்கே சில சொற்களை நீக்கியிருக்கிறேன்' என்று பொருள்படும். எதை நீக்குகிறோம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. “பொய்மையும் வாய்மை யிடத்த” (குறள் 292) என்று பாதியில் நிறுத்திவிட்டு, வள்ளுவர் பொய்யை ஏற்றுக்கொண்டார் என்று எழுதியவர்கள் உண்டு. குறளின் எஞ்சிய பகுதி 'புரைதீர்ந்த / நன்மை பயக்கும் எனின்'. குற்றமில்லாத நன்மையைத் தந்தால் மட்டுமே என்ற நிபந்தனை அதில்தான் இருக்கிறது. 'எனின்', 'ஆயினும்', 'அன்றி' போன்ற சொற்களில் முடியும் பகுதியை ஒருபோதும் வெட்டாதீர்கள். தமிழில் நிபந்தனை பெரும்பாலும் அந்தச் சிறு சொற்களில்தான் இருக்கும்.

சதுர அடைப்பில் ஓர் எச்சரிக்கை. சுசீந்திரம், பார்த்திவபுரம், திருவட்டாறு போன்ற ஊர்க் கோயில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கல்வெட்டு வாசகத்தை எடுத்தாள வேண்டிவரும். கல்வெட்டுப் பதிப்புகளில் சதுர அடைப்பு, சிதைந்த அல்லது ஐயமான எழுத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்துப் படித்ததைக் காட்டும். அதே வாசகத்துக்குள் உங்கள் விளக்கத்தையும் சதுர அடைப்பில் போட்டால், எது பதிப்பாசிரியருடையது எது உங்களுடையது என்று பிரிக்க முடியாமல் போகும். கல்வெட்டு வாசகத்தைத் தொடாமல் கொடுத்துவிட்டு, விளக்கத்தை அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள். சான்றில் தொகுதி எண், பகுதி எண், கல்வெட்டு எண் மூன்றும் இருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்துப் பழைய நூல்கள், ஆவணங்கள் பலவற்றில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) மட்டும்தான் இருக்கும். திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி இது. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. எனவே ஒரு கொல்லம் ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவிக் கிடக்கும். 824ஐக் கூட்டினால் தொடங்கும் ஆண்டு, 825ஐக் கூட்டினால் முடியும் ஆண்டு. கொல்லம் 1100 என்பது 1924–25. மாதம் தெரியாதபோது 825ஐ மட்டும் கூட்டி ஓர் ஆண்டை எழுதிவிடாதீர்கள். சான்றில் மூலத்தில் உள்ளதை முதலில் எழுதி, அதன்பின் சதுர அடைப்பில் பொது ஆண்டைக் கொடுங்கள்: கொல்லம் 1100 [1924–25].

ஆசிரியர் பெயரை எழுதுவது நம் குமரிப் பகுதியில் பெரிய சிக்கல். ஆங்கில முறைகள் கடைசிப் பெயரை எடுக்கச் சொல்கின்றன. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் தேசிக விநாயகம் பிள்ளை, வையாபுரிப் பிள்ளை, சுந்தரம் பிள்ளை, கே. கே. பிள்ளை எல்லோரும் 'பிள்ளை' ஆகிவிடுவார்கள். நாஞ்சில் நாட்டைப் பற்றிய ஒரு கட்டுரையில் நால்வரும் வர வாய்ப்புண்டு. தமிழ்க் கட்டுரையில் அடைப்புக்குள்ளும் முழுப் பெயரே எழுதுங்கள்: (வையாபுரிப் பிள்ளை, ஆண்டு, ப. எண்). முதலெழுத்து மட்டுமே உள்ளவர்களுக்கு அதையும் சேர்த்து: (கே. கே. பிள்ளை, 1953, ப. எண்). நூலின் முகப்பில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே. 'அவர்கள்', 'முனைவர்', 'திரு' எதுவும் அடைப்புக்குள் வேண்டாம். மரியாதையை வினைமுற்றில் காட்டலாமே. ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு நூல் எழுதியிருந்தால் 2008அ, 2008ஆ. மூன்று பேரும் அதற்கு மேலும் என்றால் முதல் பெயரோடு 'முதலியோர்'. ஏ.பி.ஏ. முறையில் ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றுக்கும் இடையே காற்புள்ளி உண்டு, எம்.எல்.ஏ. முறையில் பெயரும் பக்க எண்ணும் மட்டும், நடுவில் காற்புள்ளி இல்லை, 'ப.' என்பதும் இல்லை. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். துறையில் எதைக் கேட்கிறார்கள் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

விவிலிய மேற்கோளுக்கு அதிகாரம், வசன எண் போதும். ஆனால் எந்த மொழிபெயர்ப்பு என்பதை முதல் முறை சொல்லியாக வேண்டும். கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் வாசிப்பது திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. சீர்திருத்தச் சபைகளில் பரிசுத்த வேதாகமம். மத்தேயு 5:3 ஒன்றில் “ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்” என்றும், மற்றொன்றில் “ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்” என்றும் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பின் பெயர் இல்லாவிட்டால் ஒரு சபையார் படித்துவிட்டு மேற்கோளே தவறு என்று நினைப்பார்கள்.

களப்பணி செய்து எழுதுகிறவர்களுக்கு: வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். குளச்சலில் ஒருவர் “கரமடி இழுக்க ஆளு இல்ல மக்கா” என்று சொன்னதை 'கரமடி இழுக்க ஆட்கள் இல்லை' என்று மாற்றிக் குறிக்குள் போடுவது பொய் மேற்கோள். சொன்னபடியே எழுதி, வெளியூர் வாசகருக்காகச் சதுர அடைப்பில் விளக்குங்கள்: “கரமடி [கரையிலிருந்து இழுக்கும் வலை] இழுக்க ஆளு இல்ல மக்கா” (நேர்காணல் 4, குளச்சல்). தகவல் தந்தவர் சம்மதிக்காமல் பெயரை எழுதக் கூடாது. எண் கொடுத்தால் போதும், பெயரும் தேதியும் உங்கள் களக்குறிப்பில் இருக்கட்டும்.

எதற்குச் சான்று வேண்டாம்? குமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு இணைந்தது, திருவள்ளுவர் சிலையின் உயரம் பீடத்தோடு சேர்த்து 133 அடி, இவை எல்லோரும் அறிந்தவை. ஆனால் மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374 என்று எழுதினால் 2011 கணக்கெடுப்பு என்ற சான்று கட்டாயம். எண் துல்லியமாக ஆக ஆக, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை வாசகருக்கு வந்துவிடுகிறது.

அடிக்குறிப்பு முறையில் எழுதுகிறவர்கள் 'மேலது' என்பதைக் கடைசி நாள் வரை எழுதாதீர்கள். மேலது என்றால் இதற்கு நேர் முன்னால் உள்ள குறிப்பில் சொன்ன நூல். நெறியாளர் சொன்னார் என்று ஒரு பத்தியைத் தூக்கி அடுத்த பக்கத்தில் வைத்தீர்களானால், அதன் கீழ் இருந்த 'மேலது, ப. 45' புது இடத்தில் வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். கணினி இதைக் கண்டுபிடிக்காது, படிப்பவரும் நூலைத் திறந்து பார்க்காதவரை கண்டுபிடிக்க மாட்டார். எழுதும்போதெல்லாம் ஆசிரியர் பெயரும் நூலின் சுருக்கப் பெயரும் பக்கமும் இருக்கட்டும். எல்லாம் முடிந்து, பத்திகள் இனி நகராது என்று உறுதியான பிறகு மாற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அப்போதும் மாற்ற வேண்டாம். சுருக்கப் பெயரே வாசகருக்கு உதவி.

நேரில் பார்க்காத நூலைப் பார்த்தது போலக் காட்டுவது இன்னும் மோசம். ஒருவர் நூலில் இன்னொருவர் மேற்கோளாக வந்ததை எடுத்தால், சொன்னவர் பெயரை வாக்கியத்தில் எழுதிவிட்டு, அடைப்புக்குள் 'மேற்கோள்' என்ற சொல்லோடு நீங்கள் கையில் வைத்திருந்த நூலையும் பக்கத்தையும் கொடுங்கள். இடைப்பட்டவர் தவறாக எடுத்திருந்தால் அந்தத் தவறு உங்கள் தலையில் விழாது.

தட்டச்சு பற்றியும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் தட்டினால் பெரும்பாலும் நேர்க்குறிதான் (") வரும்; வேர்டில் வளைகுறி (“ ”). இரண்டும் கலந்து நிற்கும் கட்டுரை, வெட்டி ஒட்டியது என்பதை முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுக்கும். வேர்டில் வளைகுறி மாற்றும் வசதியை இயக்கிவிட்டு, நேர்க்குறியைத் தேடி அதே நேர்க்குறியால் மாற்றச் சொன்னால் எல்லாம் வளைகுறியாகிவிடும். சில இடங்களில், குறிப்பாகக் கோட்டுக்குப் பின்னால், திறக்க வேண்டிய குறி மூடும் குறியாகத் திரும்பி நிற்கும். அவற்றைக் கையால் மாற்றுங்கள்: விண்டோஸில் ஆல்ட் விசையோடு எண்பலகையில் 0147 திறக்கும் இரட்டைக்குறி, 0148 மூடும் இரட்டைக்குறி, 0145, 0146 ஒற்றைக்குறிகள். டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் குறிகளையெல்லாம் மறுபடி பாருங்கள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. நிறுத்தக்குறி விசைகள் எழுத்துக்குப் போய்விட்டதால் மாற்றும்போது குறிகள் இடம் மாறுவதுண்டு.

இடைவெளியும் அப்படித்தான். திறக்கும் குறிக்கும் முதல் எழுத்துக்கும் நடுவே இடைவெளி இல்லை. அடைப்புக்கு முன்னால் ஓர் இடைவெளி, உள்ளே இல்லை. '( குறள் : 391 )' என்று தட்டினால் வரி முடியும் இடத்தில் அடைப்பு மட்டும் தனியே அடுத்த வரிக்கு இறங்கும். 'ப.' ஒரு வரியிலும் '45' அடுத்த வரியிலும் பிரியாமல் இருக்க, நடுவில் கண்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் பார் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்த இடைவெளியில் வரி உடையாது.

கடைசியாகச் சரிபார்ப்பு. திரையில் வேண்டாம், தாளில் எடுத்துப் பென்சிலோடு உட்காருங்கள். முதல் வாசிப்பில் குறிகளை மட்டும் பாருங்கள்: திறந்த ஒவ்வொன்றுக்கும் மூடியது இருக்கிறதா, ஒவ்வோர் 'என்று'வுக்கும் முன்னால் திறப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே போங்கள். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வோர் அடைப்பாக எடுத்து, அதில் உள்ள எண்ணைக் கொண்டு நூலைத் திறந்து, மேற்கோளை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மதுரைத் திட்டம் போன்ற இணையப் பதிப்புகள் தேடி எடுக்க மிகவும் உதவும். அவை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தவை என்பதால் எழுத்துப் பிழை இருக்கக்கூடும். பாட்டெண்ணை அங்கே கண்டுபிடித்துவிட்டு, வாசகத்தை அச்சு நூலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நாகர்கோவில் மாவட்ட நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ குறளும் சங்க இலக்கியமும் கிடைக்காமல் போகாது.